காத்திருக்கும் நேரம் வீணா?

பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகும் பெற்றோர் பலர், சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார்கள். சில சமயம் 8 மணி நேரம் கூடக் காத்திருக்க வேண்டும். அதை நாற்காலியில் தூங்கிக் கழிப்பது சரியா? சரி அல்ல!

விசா இருந்தால் வெளியே போகலாம். ரெயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் "லிட்டில் இந்தியா" வந்துவிடும். தமிழ் அந்த நாட்டின் 4 ஆட்சி மொழிகளில் ஒன்று. அங்கே தமிழிலேயே பேசி, இட்டிலி சாப்பிடலாம்.

விசா இல்லையா? விமான நிலையத்தின் 3-வது முனையத்துக்குள்ளேயே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. கட்டணம் இல்லை.

ஆனால், ஒரே இடம் போதும். நாலு இடத்துக்கு ஓடக்கூடாது. விமானம் புறப்பட 3 மணி நேரம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். தவறினால் விமானம் பறந்துவிடும். பிள்ளை வியர்வை சிந்திச் சேர்த்த டிக்கெட் பணமும் அதோடு பறந்துவிடும்!