47க்கு 47 எடுத்தவரை ஏன் இறக்கவில்லை?

பேஸ்போல் தெரியாத ஆளுக்கும் விளங்கக்கூடிய ஒரு சீசன் இருக்கென்றால், அது ஸக் பிரிட்டனின் 2016தான். பால்ரிமோர் ஓரியோல்ஸ் அணியின் கடைசி இன்னிங்ஸ் பிட்சர் அவர். முன்னிலையில் இருக்கிற ஆட்டத்தைக் கை நழுவ விடாமல் முடித்துக் கொடுப்பதுதான் வேலை. அப்படி முடித்தால் அவர் பெயரில் ஒரு ‘சேவ்’ எழுதுவார்கள். அந்த வருசம் 47 வாய்ப்பு வந்தது. 47ஐயும் முடித்தார்.

என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய எண் வேறு இருக்கு. களத்தடுப்புப் பிழைகளால் போனதை விட்டால், 67 இன்னிங்ஸில் அவர் கொடுத்தது வெறும் 4 ஓட்டம். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.54. நல்ல பிட்சர்களுக்கே இது 3ஐ ஒட்டித்தான் நிற்கும். அவருடைய சிங்கர் பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும். அடிக்கிறவர் நிலத்தில்தான் அடிப்பார். சீசன் முழுக்க அவருக்கு அடிக்கப்பட்ட ஹோம் ரன் ஒன்றே ஒன்று.

இப்ப ஒக்டோபர் 4க்கு வருவம். எங்கட சனம் நிறைந்த அதே ரொறன்ரோ. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டம். 2-2 என்று சமநிலையில் 11ஆவது இன்னிங்ஸ். ஓரியோல்ஸ் மனேஜர் பக் ஷோவால்ரர் ஒருவர் மாறி ஒருவராக இறக்கினார். கடைசியில் வந்தவர் உபால்டோ ஹிமெனெஸ், அந்த சீசனில் சராசரி 5ஐத் தாண்டியவர். எட்வின் என்கார்னாசியோன் அடித்த ஹோம் ரன்னோடு 5-2. எல்லாம் முடிஞ்சுது. பிரிட்டன் ஒரு பந்துகூட எறியவில்லை.

ஏன்? வெளியூர் அணிக்குச் சமநிலையில் ‘சேவ்’ கிடையாது. முன்னிலை வந்தபிறகு காப்பாற்ற ஆள் வேணும் என்று அவரை வைத்திருந்தார்கள். இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டன். ஆனால் அந்த முன்னிலை வரும்வரை ஆட்டம் உயிரோட இருக்கவேணுமே!

‘சேவ்’ என்பது ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிக்காகோ விளையாட்டுச் செய்தியாளர் உருவாக்கிய கணக்கு, 1969இல்தான் அதிகாரபூர்வமானது. நடந்ததைப் பதிவுசெய்ய வந்த எண், பிறகு எப்ப யாரை இறக்குவது என்று தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது. பிரச்சினை அங்கேதான்.

வேறு வழி இருந்தது என்பதற்கு அதே மாதமே சாட்சி. கிளீவ்லன்ட் அணியின் ரெரி பிரான்கோனா, தன் சிறந்த ரிலீஃப் பிட்சர் அன்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். ‘சேவ்’ வருமா வராதா என்று பார்க்கவில்லை. ஆபத்து எங்கே என்று பார்த்தார். மில்லர் அந்த லீக் இறுதித் தொடரின் நாயகனானார், அணி உலகத் தொடருக்குப் போனது.

பிரிட்டனின் 47க்கு 47 இன்றும் பதிவேட்டில் அழகாகத்தான் இருக்கு. ரொறன்ரோவில் அவரை இறக்கி, அவர் தோற்றிருந்தாலும் அந்த எண் மாறியிருக்காது. பிறகு எதைக் காப்பாற்ற அவரை வெளியில வைத்திருந்தார்கள்?