குப்பிக்குள் என்ன?

மாட்டுங்கா பூஜை சாமான் கடைகளில் சாம்பிராணி வேறு, குந்திரிக்கம் வேறு. முன்னது சுமத்ராப் பக்கத்து மரப்பிசின். பின்னது 19ஆம் நூற்றாண்டில் சோமாலியாவிலிருந்து பம்பாய்க்கு மூட்டை மூட்டையாக வந்து, தரம் பிரிக்கப்பட்டு ஐரோப்பா போன சரக்கு.

இப்போது மவுசு குந்திரிக்க எண்ணெய்க்கு. செம்பூர் தாத்தாக்களின் முழங்கால்தான் அதன் மார்க்கெட். ஆனால் மூட்டு வலிக்கென ஆராயப்பட்டது பிசினிலுள்ள பாஸ்வெலிக் அமிலம். நீராவியில் வடிக்கும்போது, கனமான அந்த அமிலம் மேலே ஏறாமல் பிசினோடு தங்கிவிடும். குப்பிக்கு வந்து சேருவது பைனீன் போன்ற மணப்பொருள்களே. தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து தேய்த்தால் இதமாக இருக்கலாம் (தேய்க்கும் கைக்கும் அதில் பங்குண்டு). அப்படியே தடவினால் சிலருக்குத் தோல் எரியும், குடிக்கவே கூடாது. அமிலம் வேண்டுமென்றால் பிசின் சாற்று மாத்திரை இருக்கிறது. அதையும் டாக்டரைக் கேட்டே விழுங்க வேண்டும்.