கண் தெரியாத நாய் காவலுக்கு ஆகுமா?

“மீட்கப்பட்ட நாய்கள் இரண்டு. ஒன்றுக்குப் பார்வையில்லை, மற்றது அதைவிட்டு நகர்வதில்லை. தோட்டக் காவலுக்குப் பார்வையுள்ளதை மட்டும் எடுக்கலாமா?”
- வாசகர், அரியாங்குப்பம்.

பிரிக்க வேண்டாம். துணையின் வாசனையையும் காலடிச் சத்தத்தையும் பிடித்துத்தான் கண் தெரியாத நாய் நடக்கும். பிரித்தால் இரண்டுமே தீனி எடுக்காமல் போகலாம். குரைக்கக் காதும் மூக்கும் போதும், காவலுக்குக் குறைவிருக்காது.

துணை நாயின் கழுத்தில் சிறு மணி கட்டுங்கள். சோற்றுத் தட்டு, தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றாதீர்கள். தொடும் முன் குரல் கொடுங்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால், வேலி போட்ட பிறகே அழைத்து வாருங்கள். இதில் மட்டும் அசட்டை கூடாது. உண்ணிக் காய்ச்சல், கண்புரையாலும் பார்வை போகும், சிலவற்றைச் சரிசெய்யலாம். குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இரண்டுக்குமே போட வேண்டும்.