பின்னச்சும் தோட்டப் பாதையும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி 1 முதல் அரசாங்கம் மீண்டும் வழிவிட்டதை வாகனத் திருத்தம் செய்யும் நம் தொழிலார் பலர் ஆவலோடு வரவேற்றனர். ஆயினும் அவ்வண்டிகளின்மீது சுமத்தப்பட்ட வரிகளைக் கூட்டிப் பார்த்த எவரும், பொல்பிட்டியவிலும் நோட்டன் பிரிட்ஜிலும் ஹற்றனிலும் பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் சுமந்து திரியும் பழைய டொல்பின் வான்களுக்கு இன்னும் பல்லாண்டு ஓய்வில்லை என்பதை உடனே உணர்ந்திருப்பர். ஆகவே இவ்விதழின் அபிப்பிராயம் இது: புதிய வண்டிக்கான ஆயத்தத்தைக் காட்டிலும், கைவசமுள்ள பழைய வண்டியின் பின்னச்சை நேராக வைத்திருப்பதே இன்று நமது முதற் கடமை.

லீஃப் ஸ்பிரிங்கின்மேல் முழு அச்சு அமர்ந்த இவ்வண்டிகளில் பின்சில்லுகளைத் திருத்துவதற்கென்று தனி ஏற்பாடு ஏதும் இல்லையாதலால், பின்னால் அலைன்மென்ட் பார்க்க ஒன்றுமில்லை என்று கூறி, முன்சில்லுகளை மட்டும் பார்த்தனுப்பும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் யூ போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் அறுந்து, அச்சின் ஒரு பக்கம் 10 மில்லிமீற்றர் பின்வாங்குமாயின், சில்லுகளுக்கிடையே 1400 மில்லிமீற்றர் அகலமுள்ள வண்டியில் அது ஏறக்குறைய 0.4 பாகைக் கோணமாகும். முன்சில்லுகளை எத்துணை நுட்பமாகத் திருத்தினும் அவ்வண்டி கோணலாகவே ஓடும். மழை நனைத்த வளைவில் இடப்புறம் ஒருவிதமாகவும் வலப்புறம் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

இதைக் கண்டறிய நகரம் வரை சென்று யந்திரத்தின் முன் காத்திருக்க வேண்டியதில்லை. சமமான சீமெந்துத் தரையில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்குகளை அமரவிட்டு, ஜாக்கின்மேலன்றிச் சில்லுகளின்மேலேயே நிறுத்தி, இரு பக்கத்து முன் ஹேங்கரிலிருந்தும் அச்சின் இரு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு இறக்கிச் சோக்கால் குறித்து, நேரளவையும் மூலைவிட்ட அளவையும் ஒப்பிட்டால், வீட்டு முற்றத்திலேயே உண்மை பிரத்தியட்சமாகிவிடும். முன்சில்லிலிருந்து அளத்தல் ஆகாது. முன்பக்கமும் பிசகியிருந்தால் அந்த அளவு நம்மை ஏமாற்றும். சென்டர் போல்ட்டின் தலை தன் துளையில் அமரும்படி அச்சை நகர்த்தி, புதிய யூ போல்ட்டுகளைக் குறுக்கு முறையில் படிப்படியாக இறுக்கி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குக. துளையே நீண்டு தேய்ந்திருந்தால், அதைச் சீர்செய்யாமல் வண்டியை வெளியே விடலாகாது.

ஆயினும், நேராக்கிய அச்சு எத்தனை காலம் நேராக நிற்கும் என்று வண்டிக்காரர் வினவும்போது, நாம் விடை சொல்ல வேண்டியது ஸ்பிரிங்கைப் பற்றியன்று, பாதையைப் பற்றியே. பிரதான வீதியை விட்டுத் தோட்ட லயங்களை நோக்கித் திரும்பிய கணத்திலிருந்து, பெயர்ந்த கல்லும் மழை அறுத்த குழியும் ஒரு பக்கத்துச் சில்லையே மாறி மாறி அடிக்கின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதி தோட்டத்திற்குள் செல்லத் தடையாக நின்றது. அது திருத்தப்பட 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. பொருள் வாங்குந்தோறும் மற்றவரைப் போலவே வரி செலுத்திய மக்களுக்கு 31 ஆண்டுகள் பாதை மறுக்கப்பட்டதற்கு என்ன நியாயம் கூறமுடியும்? திருத்தம் வந்தபின்னரும் சபையைத் தோட்டக் கம்பனியும் கம்பனியைச் சபையும் சுட்டிக் காலம் கடத்துவதை நாம் காண்கிறோம். 2008 முதல் நம் வண்டிகளின் புகையை அளந்து சான்றிதழ் கேட்கும் அரசு, அவ்வண்டிகளின் அச்சைக் கோணலாக்கும் பாதைக்கு யாரிடம் சான்றிதழ் கேட்டது? ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் ஏழைச் சாரதி கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், அதிகாரிகள் செய்யாதுவிட்ட வேலைக்கான தண்டமே.

ஆதலின் நம் தொழிலாரிடம் ஒன்று வேண்டுகிறோம். ஸ்பிரிங் வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியின் பற்றுச்சீட்டிலும் இட, வல அளவுகளை எழுதிக் கொடுங்கள்; அதே வண்டி அளவு பிசகித் திரும்பும்போது, அது எந்தத் தோட்டப் பாதையில் ஓடியது என்பதையும் சேர்த்து எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாதை கேட்டுச் சபையின் முன் நிற்கும் நாளில், மறுக்கவொண்ணாப் பிரமாணமாக நம் கையில் இருக்கப்போவது அந்த அளவுகளே.