மார்கழியில் குடிலை மூடாதீர்கள்

அடைமழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் மயிலாப்பூர் மொட்டை மாடிகளில் நிழல்வலைக் குடில்களைச் சுற்றி பாலித்தீன் ஷீட் ஏறிவிடுகிறது. செடி குளிரில் வாடிவிடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் மார்கழியில் செடிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் அதுதான் என்று சொல்வேன்.

மூடுவது மலைக்குப் பொருந்தும். ஊட்டியில் ஜனவரியில் உறைபனி விழும். கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் ஓசூரில், பிப்ரவரி 14-க்காக ரோஜா வளரும் பசுமைக்குடில்களில் மாலையானால் பக்கத்திரையை இறக்குவார்கள். அங்கேகூட வெயில் ஏறியதும் திரையைச் சுருட்டிவிட வேண்டும். சூடான காற்று மேலேறிப் போக கூரை உச்சியில் திறப்பும் இருக்கும். சென்னையிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அது இதமான குளிர். இங்கே செடியைக் கெடுப்பது ஈரம்.

பகலெல்லாம் இலையும் நனைந்த மண்ணும் விடும் நீராவி, மூடிய குடிலுக்குள்ளேயே தங்குகிறது. பின்னிரவில் வானம் தெளிந்திருந்தால் ஷீட் குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இலைமேல் விழுகிறது. இலை சில மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், வெள்ளரியிலும் பீர்க்கிலும் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். மேலே மஞ்சள் திட்டு, இலையைத் திருப்பினால் சாம்பல் பூச்சு. நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்வதற்கும் இந்தப் புழுக்கம் துணைபோகிறது. இதற்கு மருந்து வாங்க ஓடுவதைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. ஷீட்டை அவிழ்க்காமல் எதைத் தெளித்தாலும் நோய் திரும்பி வரும்.

இந்த மாதங்களில் நமக்கு வாடைக்காற்று. வடக்கு, வடகிழக்குப் பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் திறப்பு விட்டால், காற்று செடிகளை ஊடுருவி ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். அடையாற்றில் கடற்காற்றும் கைகொடுக்கும். தி.நகரில் நாற்புறமும் அடுக்குமாடிகள் நின்றால் சின்ன மின்விசிறி ஒன்று தேவைப்படலாம். பலரும் கவனிக்காதது கைப்பிடிச் சுவர். தரையில் வைத்த தொட்டிக்கு வரும் காற்றை அது மறித்துவிடுகிறது. தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, இடைவெளி விட்டு வையுங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

மழைக்கு மறைப்பு வேண்டுமென்றால் கூரைக்கு மட்டும் ஷீட் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலில் வீசியதுபோன்ற காற்றில், இழுத்துக் கட்டிய ஷீட் கப்பல் பாய் போலக் காற்றை வாங்கிக் குடிலையே பெயர்த்துவிடும்.

உங்கள் மாடியில் பக்கவாட்டு ஷீட் இருந்தால், இன்று பொழுது சாயும் முன்பே அவிழ்த்துவிடுங்கள்.