கலப்புக்கு ஒரு பேரு, பேருக்கு ஒரு விலை

டவுன்ல இப்போ லாப்ரடூடுல் மோகம். லாப்ரடாருக்கும் பூடுலுக்கும் பிறந்த கலப்பு, அவ்வளவுதான். ஹவாயில் பார்வை இல்லாத ஒரு அம்மாவுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கோ நாய் முடி ஒத்துக்காது. அதுக்காக 1989-ல ஆஸ்திரேலியாவுல வாலி கான்ரான் என்பவர் உண்டாக்கியது இது. பிறந்த மூணு குட்டியில ஒண்ணுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கிட்டது! பின்னாடி நடந்த வியாபாரத்தைப் பார்த்து கான்ரானே நொந்து போனார்.

ஆனா விக்கிறவங்க 'முடி கொட்டாது, நோய் வராது'ன்னு அடிச்சுச் சொல்றாங்க. வீரிய ஒட்டு ரகத்துல எடுத்த விதையை மறுபடி விதைச்சா ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டைன்னுதான் வரும். கலப்பு நாயும் அப்படித்தான். இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த ரெண்டு ஜாதியிலயும் உண்டு. கலந்துட்டா மட்டும் அது எங்கே போகும்?

சுத்த ஜாதியும் ஒண்ணும் ஒசத்தி இல்லை. வெள்ளை ராஜபாளையத்துல காது கேக்காத குட்டிகளும் பிறக்குது. காசு போட்டு வாங்கறவங்க தாய், தகப்பனோட இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்க. காட்டலைன்னா திரும்பி வந்துடுங்க.

கலப்புதான் வேணும்னா உங்க தெருமுனையிலேயே படுத்திருக்கு. வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, வேளைக்குச் சோறு வைங்க, வாசலைவிட்டு நகராது. விலை கொடுத்தா செல்லம், சும்மா கிடைச்சா சனியனா?