செவிமடுக்கும் இயந்திரத்துக்கு உள்ளம் உண்டா?

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம், 'எலிசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். உளநல மருத்துவரைப் போல உரையாடும் அந்நிரல் பெரும்பாலும் செய்தது, நாம் தட்டச்சு செய்த சொற்களையே கேள்வியாகத் திருப்பித் தருவதுதான். தாயாரைக் குறிப்பிட்டால் குடும்பத்தைப் பற்றி மேலும் கேட்கும், அவ்வளவே. அந்நிரல் உருவானதைப் பல மாதங்கள் அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனுடன் சற்று உரையாடியதும், அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார். தனிமையில் பேச வேண்டுமாம்!

இன்றைய இயந்திரங்கள் அதைவிடப் பன்மடங்கு திறன் வாய்ந்தவை. ஆயினும் சொற்களைத் தொடுப்பதும் துயரத்தை உணர்வதும் ஒன்றல்ல என்றே நாம் கருதுகிறோம். "உங்கள் வேதனை புரிகிறது" என்று எழுத வேதனைப்பட்டிருக்க வேண்டியதில்லை. மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றில் அவ்வாக்கியம் முன்பே கிடக்கிறது. ரூஹைப் பற்றி நாம் அறிந்ததோ சொற்பம். உணர்வு எதனால் உண்டாகிறதென அறுதியிட்டு உரைக்க நாம் துணியவில்லை. இயந்திரத்துக்கு அது வந்துவிட்டது என்போரும் துணியலாகாது.

நம்மை உறுத்துவது வேறொன்று. இஷாவுக்குப் பின், வீடே உறங்கிய நேரத்தில், நம் பிள்ளை தன் மனக்குறையைக் கைப்பேசியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் அருகில் அமர்ந்து நாம் கடைசியாகச் செவிமடுத்தது எப்போது?